மூன்று முறை கழுவிய விதை

பெரியவர்களே, கேளுங்கள். சிறியவர்களே, கேட்பது போலாவது உட்காருங்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மேற்கே, மழை தொடங்கினால் விட்டு விட்டுப் பெய்யாமல் விடாமலே பெய்யும் ஒரு சீமையில், மாசிலாமாறன் என்றொரு அரசர் ஆண்டு வந்தார்.

அவர் போர் செய்து பெயர் வாங்கவில்லை. குளம் வெட்டிப் பெயர் வாங்கவில்லை. கழுவிப் பெயர் வாங்கினார்.

அரண்மனைக்குள் எது வந்தாலும் மூன்று முறை கழுவித்தான் உள்ளே விட வேண்டும் என்பது அவருடைய பாட்டனார் போட்ட சட்டம். முதலில் சாம்பல் தண்ணீர். அடுத்து மஞ்சள் தண்ணீர். கடைசியில் பன்னீர். அரிசி வந்தால் மூன்று முறை. யானை வந்தால் மூன்று முறை. மாப்பிள்ளை வந்தால் மூன்று முறை. உப்பு மூட்டையைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அரண்மனைச் சாப்பாட்டில் ஏன் உப்பே இருப்பதில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் வாயையும் மூன்று முறை கழுவிவிடுவார்கள் என்ற பயம்தான்.

இப்படிப்பட்ட அரசர் ஒரு நாள் பல்லக்கில் ஊர் சுற்றக் கிளம்பினார். மலையடிவாரத்தில் சாரல்பட்டி என்று ஒரு கிராமம். பல்லக்குத் தூக்கிகளுக்கு மூச்சு வாங்கியது. அங்கே ஒரு வீட்டின் பின்னால் நின்ற பெரிய பலா மரத்தின் நிழலில் பல்லக்கை இறக்கினார்கள்.

அது ஒச்சாயி வீட்டு மரம். ஒச்சாயியின் புருஷன் வீரணன், ஒரு முறை தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவன். உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை சொல்வதுதான் அதற்குப் பிறகு அவன் வேலை. மூன்று பிள்ளைகள். வயல் கிடையாது, மாடு கிடையாது. பலா பழுத்தால் சந்தைக்குப் போகும், அரிசி வரும். மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் பலாக்கொட்டையை அவித்துத் தின்பார்கள். அந்த மரம் நிற்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

அரசர் திரும்பிப் பார்த்தார். மரத்தில் இடுப்பளவு உயரத்தில், பாசி படர்ந்த பட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. தடித்த குட்டி இலைகள். மண்ணே தொடாத வேர்கள். அதில் ஒரு காம்பு நிறைய மஞ்சள் பூக்கள், ஒவ்வொன்றும் மூக்குத்தி அளவு, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. கிட்டப் போனால் ஏலக்காய் வாசனை. இப்போது ஆர்க்கிட் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காசு பிடுங்குகிறார்களே, அந்தக் குடும்பத்தில் ஒரு கடைக்குட்டி அது.

"இது என்ன பூ?" என்றார் அரசர்.

"மூக்குத்திப்பூன்னு சொல்லுவோம் சாமி," என்றாள் ஒச்சாயி. "நாங்க ஒண்ணும் நட்டு வைக்கல. அதுவா வந்து ஒட்டிக்கிருச்சு."

அரசருக்கு அது உடனே வேண்டும். அரசர்களுக்கு எல்லாமே உடனேதான் வேண்டும். ஆனால் அமைச்சர் பொற்கோட்டார் குறுக்கே வந்தார். அரசர் தும்மினால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துப் பாராட்டுகிறவர் அவர்.

"அரசே, செடி பாசியில் நிற்கிறது. எறும்பு ஏறுகிறது. காக்கை வேறு மேலே உட்கார்ந்து தன் கடமையைச் செய்கிறது. இதை முப்பது முறை கழுவினாலும் பிறந்த இடத்து அழுக்கு போகாது. விதை அப்படியல்ல. விதை பச்சைக் குழந்தை. அதைக் கொண்டுபோய் நம் முறைப்படி கழுவி வளர்த்தால், சுத்தமான செடி, சுத்தமான பூ."

அரசர் மகிழ்ந்து போனார். ஊர் திரும்பும் வழியிலேயே கீழ்ச்சீமை அரசருக்குத் தூது அனுப்பினார். 'மண்ணே தொடாமல் வளரும் பொன் மூக்குத்திப்பூ எம் அரண்மனையில் பூக்கும், பார்க்க வரவும்.' பூ அப்போது காயாகக்கூட ஆகவில்லை.

பூ உதிர்ந்து, காய் பிடித்து, ஏலக்காய் அளவுக்குப் பெருத்து, முற்றுவதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. அரண்மனை ஆட்கள் வந்து ஒரு காயைப் பறித்துப் பட்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டே போனார்கள்.

முதல் பொறுப்பு தோட்ட நாயகருக்கு. அவர் காயைப் பிளந்தார். உள்ளே விதை இல்லை, தூசு இருந்தது. மூக்குப்பொடி கெட்டது, அவ்வளவு நைசு. அந்தத் தூசில் ஒவ்வொரு துகளும் ஒரு விதை. அவருக்குத் தும்மல் வந்தது. பாதி விதை சபை மண்டபத்துக்குள் பறந்து போயிற்று.

மீதியை முறைப்படி கழுவினார். சாம்பல் தண்ணீரில் கொஞ்சம் போனது. மஞ்சள் தண்ணீரில் நிறையப் போனது. பன்னீரை வடிகட்டியபோது துணி மட்டும் இருந்தது. தோட்ட நாயகர் அசரவில்லை. அரசர் முன் போய் நின்றார்.

"அரசே, விதை பரிசுத்தமாகிவிட்டது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தம்."

அந்தச் சுத்தத்தைப் பளிங்குத் தொட்டியில் விதைத்தார்கள். ஓராண்டு முழுவதும் தண்ணீர் ஊற்றினார்கள். அரசர் தினமும் காலையில் வந்து வெறும் தொட்டியைப் பார்த்து, "முளை விடுகிறது போலிருக்கிறதே" என்பார். "விட்டுவிட்டது அரசே" என்பார் பொற்கோட்டார். தொட்டியில் விட்டது தண்ணீர் மட்டும்தான்.

அடுத்த ஆண்டு பொறுப்பு அரண்மனை வைத்தியருக்குப் போனது. அவர் முன்னவரைவிடக் கெட்டிக்காரர். அந்த ஆண்டுக் காயின் விதையை மெல்லிய பட்டுப் பையில் போட்டுப் பையோடு சேர்த்துக் கழுவினார். பிறகு சபையில் விளக்கம் சொன்னார்.

"நெல்லுக்குள் அரிசி இருக்கிறது. அவரைக்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கும் குழந்தைக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு அது. இந்த விதைக்குள் ஒன்றுமே இல்லை. இதன் தாய் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். நாம் ஊட்டினால் முளைக்கும்."

வைத்தியர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மை தெரிந்தவர்கள் எவ்வளவு செலவு வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விதைக்குப் பால் வந்தது, தேன் வந்தது, நெய் வந்தது. குட்டிக் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீரும் வந்தது. கொஞ்ச நாளில் தொட்டி நாறியது. அரசிகள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். எறும்பு மட்டும் தவறாமல் வந்தது. கடைசியில் தொட்டியைத் தூக்கி மதிலுக்கு வெளியே எறிந்தார்கள். எறிந்த கையை மூன்று முறை கழுவினார்கள்.

"விதைக்கு நல்ல குணம் இல்லை அரசே," என்றார் வைத்தியர். "ஊட்டியும் நன்றி இல்லை."

மூன்றாம் ஆண்டு சோதிடர் வந்தார். விதை மரப்பட்டையில்தானே வளர்கிறது, பட்டையையே கொண்டு வருவோம் என்றார். நல்ல யோசனை. ஒச்சாயியின் மரத்திலிருந்தே ஒரு பட்டையை உரித்தார்கள். ஒச்சாயி, "மரத்துக்கு வலிக்கும்யா, பையப் பைய உரிங்க" என்று சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அரண்மனையில் அந்தப் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். பாசி போயிற்று. சாம்பல் தண்ணீரில் வேக வைத்தார்கள், பூசணம் போயிற்று. மஞ்சள் தண்ணீரில் வேக வைத்தார்கள், எறும்பு முட்டை போயிற்று. பன்னீரில் வேக வைத்தார்கள், பட்டையின் நிறமே போயிற்று. பிறகு நல்ல நேரம் பார்த்து விதையைத் தூவி, வெள்ளிக் கூண்டுக்குள் வைத்து, நான்கு பக்கமும் காவல் போட்டார்கள். காவலர்கள் மூச்சு விடுவதற்கும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள்.

ஒன்றும் முளைக்கவில்லை.

கேட்கிற உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர்களுக்குத்தான் தெரியவில்லை. தாய்ச் செடி சோறு கட்டிக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. அதன் வேர் ஓடிய பட்டையில், பாசிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். காற்றில் வரும் தூசு விதையை அந்தப் பூசணம்தான் தொட்டு, ஊட்டி, எழுப்பிவிடும். அரண்மனைக்காரர்கள் மூன்று ஆண்டுகளாகப் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு, பால் கொடுக்கிறவளைத் தேடித் தேடித் தேய்த்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் கீழ்ச்சீமை அரசரிடமிருந்து தூதுக்கு மேல் தூது. 'பூ பூத்துவிட்டதா?' 'மொட்டாவது விட்டதா?' 'உடல்நலம் எப்படி?' கடைசித் தூதில் நக்கல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அரசர் முகம் சிவந்து மூன்று வித்துவான்களையும் கூப்பிட்டார்.

மூவரும் கூடிப் பேசினார்கள். மூவரில் ஒருவர் மேலும் தப்பு இல்லை என்ற முடிவுக்குச் சீக்கிரமே வந்தார்கள். கழுவலின் மேலும் தப்பு இல்லை, அது பாட்டனார் சட்டம். அப்படியானால் தப்பு யார் மேல்?

"மரத்தின் மேல் அரசே," என்றார்கள். "அது விதையைக் கொடுத்துவிட்டு உயிரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. இது ராஜ துரோகம்."

பொற்கோட்டார் தீர்ப்பை எழுதினார். பலா மரத்தை வெட்டி, செடி ஒட்டியிருக்கும் துண்டை அரண்மனைக்குக் கொண்டு வர வேண்டும். கொண்டு வரும் முன் கழுவ வேண்டும். வெட்டும் முன்பும் கழுவ வேண்டும், ஏனென்றால் அரண்மனைக் கோடாலி கழுவாத மரத்தைத் தொடக் கூடாது.

தீர்ப்பு சாரல்பட்டிக்கு வந்தபோது ஒச்சாயி பலாக்காய்க்குச் சாக்கு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்தது. பின்னாலேயே கோடாலிக்காரர்கள், நார் மூட்டை, வெந்நீர் அண்டா, எல்லாவற்றுக்கும் பின்னால் பல்லக்கில் பொற்கோட்டார்.

"விடு புள்ள," என்றான் வீரணன் வாசலில் உட்கார்ந்தபடி. "ராசா கேக்குறாரு. மரந்தான? உசுரு இருந்தா வேற மரம் வச்சுக்கிருவோம்."

"வேற மரம் காய்க்கிறதுக்குள்ள நம்ம புள்ளைக காஞ்சு போயிருமேய்யா!"

அவள் ஓடிப் போய் முட்டி போட்டு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பயம் இல்லாமலா? கோடாலியைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். பயந்துகொண்டே பிடித்துக்கொண்டாள். வெந்நீர் அண்டாவிலிருந்து ஆவி வந்து முதுகில் பட்டது. அவள் முகம் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்தது. கண்ணுக்கு முன்னால் பாசியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அந்தப் பாசியில் அவள் ஒன்றைப் பார்த்தாள். கடுகு மாதிரி பச்சைப் பச்சையாக உருண்டைகள். சிலதுக்கு உச்சியில் ஊசி முனை போல ஒரு முளை. இன்னும் கொஞ்சம் தள்ளி, நகக்கண் அளவில் இரண்டு இலையோடு நான்கைந்து. அவற்றின் கீழே வெள்ளையாக ஒரு வேர் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. அரண்மனை ஆட்கள் பறிக்காமல் விட்ட காய்கள் அங்கேயே வெடித்திருந்தன. அந்தத் தூசு அங்கேயே விழுந்திருந்தது.

"நிறுத்துங்கய்யா! முளைச்சிருக்குது! ஒங்க விதை இங்க முளைச்சிருக்குது!"

பொற்கோட்டார் பல்லக்கிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்தார். "பாசி," என்றார்.

"பாசிக்கு எங்கய்யா எல இருக்கு?"

"இது இலையுள்ள பாசி."

"வேரு இருக்குதே?"

"வேருமுள்ள பாசி."

"அப்படின்னா ராசாவ வந்து பாக்கச் சொல்லுங்க. பாசின்னு அவரு வாயால சொல்லட்டும், நானே தேச்சு விடுறேன். பாசியா இல்லாமப் போச்சுன்னா, அவரு கேட்ட செடிய நாரு போட்டுத் தேச்சது நீங்கதான்னு சொல்லுவேன்."

பொற்கோட்டாருக்கு இது பிடித்த பேச்சல்ல. ஆனால் தலை தன்னுடையது. அரசருக்கு ஆள் அனுப்பினார்.

அரசர் வர நாளாயிற்று. வழி முழுவதையும் மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. மழை பெய்துகொண்டே இருந்ததால் கழுவிய வழி திரும்பத் திரும்பச் சேறானது. அத்தனை நாளும் ஒச்சாயி மரத்தடியை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார்கள். வீரணன் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கோடாலிக்காரர்களை முறைத்துக்கொண்டிருந்தான். அவனால் முடிந்தது அது.

அரசர் வந்தார். செடி இருந்த இடம் இடுப்பளவு. குனிந்தால் கிரீடம் மரத்தில் இடித்தது. அந்தக் கிரீடத்தை அரசரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பதால் அவரே கழற்றி, ஒடிந்த கிளையின் முண்டில் மாட்டிவிட்டுக் குனிந்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். மூன்று ஆண்டுகள் வெறும் தொட்டியைப் பார்த்த மனிதர், பாவம்.

"இதை வளர்த்தது யார்?"

"நான்தான் அரசே," என்றார் தோட்ட நாயகர். "அன்று நான் தும்மியபோது பறந்த விதை."

"நான் ஊட்டிய பாலின் ஆவி காற்றில் வந்து சேர்ந்திருக்கிறது," என்றார் வைத்தியர்.

"நான் குறித்த நேரத்தில்தான் முளைத்திருக்கிறது," என்றார் சோதிடர். "இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டது."

அரசர் ஒச்சாயியைப் பார்த்தார். "நீ சொல், பெண்ணே. நீ என்ன செய்தாய்?"

இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். அவள் 'நான்தான் வளர்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அரண்மனைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கும், கழுத்துக்குப் பொன் கிடைத்திருக்கும். மூன்று படித்தவர்கள் சற்று முன்புதான் அதற்கு வழி காட்டியிருந்தார்கள்.

"ஒண்ணும் செய்யல சாமி," என்றாள். "கஞ்சிக்கு ஓடுறதுக்கே பொழுது பத்தல. மரத்த யாரு தொடச்சா? எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. இங்க வந்திருக்கு, அதுதான் தெரியும்."

பொற்கோட்டார் உடனே குரலைத் தாழ்த்தினார். "ஒன்றும் செய்யாமலிருப்பது ஒரு ரகசிய வித்தை அரசே. அதை எத்தனை நாழிகை செய்ய வேண்டும் என்று விசாரிக்க வேண்டும்."

அரசர் காது கொடுக்கவில்லை. அவருக்கு அவசரம். இரண்டு இலை விட்ட ஒரு கன்றைத் தன் கையாலேயே மெல்லப் பிரித்தெடுத்தார். "கழுவி எடுத்துப் போவோம்," என்றார். தங்கக் கிண்ணங்கள் மூன்றும் வந்தன.

'கழுவாதீங்க' என்று ஒச்சாயிக்கு வாய் வரைக்கும் வந்தது. அரசர் கையைத் தட்டிவிட முடியாதே.

சாம்பல் தண்ணீரில் முக்கினார். வேரின் மேல்தோல் உரிந்து போனது. மஞ்சள் தண்ணீரில் முக்கினார். ஓர் இலை மிதந்து போனது. பன்னீரிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கையில் ஈரம் மட்டும் இருந்தது.

அரசர் கையைத் திருப்பிப் பார்த்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறந்ததிலிருந்து கழுவிக்கொண்டே இருந்தவர் அவர். கழுவியதில் என்ன போனது என்று தண்ணீரை அன்றுதான் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

அரசர் முகம் விழுந்தால் அதைத் தூக்கி வைக்கத்தானே அமைச்சர் இருக்கிறார்? பொற்கோட்டார் முன்னால் வந்தார்.

"கவலை எதற்கு அரசே? செடி அரண்மனைக்கு வர முடியாவிட்டால் அரண்மனை செடிக்கு வரட்டும். இன்று முதல் இந்த மரமும் இதன் நிழல் விழும் இடமும் அரண்மனை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கீழ்ச்சீமை அரசருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும். மரத்தை வெட்டவும் வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர். எல்லோரும் கை தட்டினார்கள். வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோடாலிக்காரர்கள் கோடாலியைத் தோளில் போட்டார்கள்.

ஆனால் நார் மூட்டைக்காரர்கள் மூட்டையை எடுக்கவில்லை. அண்டாவுக்கு அடியில் இன்னும் இரண்டு விறகு வைத்தார்கள். ஒச்சாயி அதைப் பார்த்துவிட்டாள்.

"அய்யா, இவுக ஏன் கிளம்பல?"

"அரண்மனை ஆகிவிட்டதல்லவா?" என்றார் பொற்கோட்டார் பெருமையாக. "அரண்மனையில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். இன்றிலிருந்தே தொடக்கம். மரம், கிளை, பட்டை, ஒன்று விடாமல்."

ஒச்சாயிக்குப் புரிந்துவிட்டது. வெட்டினால் ஒரே நாளில் சாகும், கழுவினால் தினம் தினம் சாகும். அவள் நேராக அரசர் காலில் விழுந்தாள்.

"சாமி, மரத்தக் குடுத்துட்டுப் பறிக்காதீங்க. நாரு போட்டா ஒரு கன்னு மிஞ்சாது. பட்டையப் பூராம் தேச்சா மரமே பட்டுப் போயிரும். எம் புள்ளைகளுக்கு வேற கதி இல்ல சாமி."

அரசருக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் பாட்டனார் சட்டம். "நான் என்ன செய்வேன் பெண்ணே? அரண்மனையில் கழுவாத பொருள் என்று ஒன்றே கிடையாது. ஒன்றுக்கு விட்டால் எல்லாவற்றுக்கும் விட வேண்டும்."

ஒச்சாயி எழுந்தாள். கண்ணைத் துடைக்கும்போது எதிரே கிளை முண்டில் கிரீடம் தொங்கியது. நாள் கணக்கில் அந்த மரத்தடியில் நின்றவள் அவள். அந்த இடத்தின் வாசனை அவளுக்கு அத்துப்படி. இப்போது அதில் புதிதாக ஒரு வாடை கலந்திருந்தது. பலாவும் இல்லை, பாசியும் இல்லை. அவள் கிரீடத்துக்குக் கொஞ்சம் கிட்டப் போய் மூக்கைச் சுளித்தாள்.

"சாமி, இத மூணு தடவ கழுவுவாகளா?"

கோடாலிக்காரர்கள் அவள் கழுத்தை ஒரு தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார்கள்.

அரசர் மெல்ல நடந்து போய்க் கிரீடத்தைக் கையில் எடுத்தார். திருப்பினார். வாழ்நாளில் அவர் அதன் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். அரசரைத் தவிர யாரும் தொடக் கூடாது. தொட உரிமையுள்ள அரசரோ கழுவும் வேலை செய்யக் கூடாது. ஆகவே பாட்டனார் தலை எண்ணெய், அதன் மேல் தகப்பனார் தலை எண்ணெய், அதன் மேல் இவருடையது. மூன்று தலைமுறை வேர்வையும் பொடுகும் அடையாக அப்பியிருந்தன. ஓரத்தில் பச்சையாகப் பூசணம். உள்ளேயிருந்து ஒரு பூச்சி வெளிச்சத்துக்குக் கோபித்துக்கொண்டு இறங்கி ஓடியது.

மாசிலாமாறன் தன்னை அறியாமல் தலையைச் சொறிந்தார். முடிசூட்டிய நாளிலிருந்து அவர் தலை அரித்துக்கொண்டேதான் இருந்தது. ராஜ்ய பாரம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"அது..." என்றார் அரசர். "அதைத் தொடக் கூடாது. அது மரபு."

"அப்ப அந்த மரபுல கொஞ்சம் எம் மரத்துக்கும் குடுங்க சாமி," என்றாள் ஒச்சாயி. "கழுவக் கூடாத சாமான் ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குது. இது ரெண்டாவதா இருந்துட்டுப் போகட்டும்."

பொற்கோட்டார் வாயைத் திறந்தார். அரசர் கிரீடத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பொற்கோட்டார் வாயை மூடிக்கொண்டார். அந்த வாடைக்கு அவரிடமும் பாராட்டு இல்லை.

"அண்டாவை இறக்குங்கள்," என்றார் அரசர். "இந்த மரத்தை யாரும் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, வெட்டக் கூடாது. இதன் பழம் இவளுக்கு. பூவைப் பார்க்க நான் இங்கே வருவேன்."

நார் மூட்டைகள் திரும்பிப் போயின. மூன்று வித்துவான்களுக்கும் மூக்குத்திப்பூவை முளைப்பித்தவர்கள் என்று பட்டம் கிடைத்தது. பின்னே, சும்மாவா அனுப்புவார்கள்? ஒச்சாயிக்குப் பட்டமும் கிடைக்கவில்லை, பொன்னும் கிடைக்கவில்லை. அந்த வாரம் பலாப்பழம் சந்தைக்குப் போயிற்று, அரிசி வந்தது.

கன்றுகள் அவசரப்படவில்லை. ஒரு மழைக்கு ஓர் இலை, மறு மழைக்கு ஒரு வேர் என்று சோம்பல் முறித்து வளர்ந்தன. அரசர் ஒவ்வொரு மழைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் மழைக்கு 'எப்போது பூக்கும்?' என்று கேட்டார். அடுத்த மழைக்கும் கேட்டார். அதற்கடுத்த மழைக்குக் கேட்கவில்லை, ஒச்சாயி கொடுத்த பலாச்சுளையைக் கழுவாமல் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் ஒரு நாள் பட்டை நெடுகிலும் மஞ்சள் மூக்குத்திகள் பூத்தன. கீழ்ச்சீமை அரசரும் வந்து பார்த்தார், நக்கல் செய்ய ஒன்றும் கிடைக்காமல் சீக்கிரமே ஊர் திரும்பினார்.

கிரீடத்தை அரசர் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தாமே கழுவினார் என்று சொல்கிறார்கள். மூன்று முறையும் தண்ணீர் கறுப்பாகவே இறங்கியதாம். அதன் பிறகு அவர் தலை அரிக்கவில்லை, சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, அரண்மனைக் குழம்பில் உப்பு தெரிய ஆரம்பித்தது.

இதனால் அறிய வேண்டிய நீதி: ஒன்றை வளர்க்க ஆசைப்படுகிறவர் அது வேரூன்றிய அழுக்கையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும், கழுவியே தீர வேண்டுமென்றால் தன் தலையிலிருந்து தொடங்க வேண்டும்.